எஸ்தாக்கி சொல்லி முடிக்கிற வரைக்கும்

உப்புக் காற்றில் இரும்புக் கட்டில்கள் துருப்பிடித்து, துருவின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்து, பெயிண்டின் மேல் மறுபடி துருப்பிடித்து நிற்கிற எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில், ஏழாம் வார்டின் கதவு காணாமல் போன திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு உள்ளே இருந்தவர்களில் நானும் ஒருத்தன். ஆகையால் யாரோ சொன்னதைச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறேன். கேட்கிறவர்கள் கேளுங்கள். அவசரம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போய்விடுங்கள், பாதியில் எழுந்து போனால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு அங்கே வேலை ஸ்ட்ரெச்சர் தள்ளுவது. ஏழாம் வார்டு பக்கவாதக்காரர்களின் வார்டு. கை இழுத்தவர்கள், கால் இழுத்தவர்கள், வாய் கோணினவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அவர்களில் சிலருக்குப் பேச்சும் போயிருக்கும். பேச்சு என்றால் சத்தம் இல்லை, சத்தம் நன்றாக வரும். புத்தி இல்லை, புத்தி அப்படியே இருக்கும். மகன் முகம் தெரியும், மருமகள் மனசு தெரியும், யார் கைலியில் கறை இருக்கிறது என்பதுகூடத் தெரியும். தண்ணீர் வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தால் தண்ணீர் என்கிற சொல் மட்டும் வராது, வேறு ஏதாவது ஒன்று வந்து விழும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த பீர் முகம்மது அண்ணனுக்கு மிஞ்சின ஒரே சொல் "நாளைக்கு". பசித்தாலும் நாளைக்கு, வலித்தாலும் நாளைக்கு, மனைவியைக் கண்டாலும் நாளைக்கு.

எஸ்தாக்கிக்கு மிஞ்சினது "ஆமா".

எஸ்தாக்கி யார் என்று கடற்கரையில் கேட்டால் சிரிப்பார்கள். இருபத்தெட்டு வருஷம் மீன் ஏலம் கூறினவள். படகு கரையேறின உடனே மணலில் மீன் குவிந்து, வியாபாரிகள் வட்டம் கட்டி நிற்க, நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று அவள் கூறுகிற கூறலில் விசைப்படகின் எஞ்சின் சத்தம் அடங்கிப்போகும். அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் ஏலத்தின் நடுவிலேயே வலது கையும் வலது காலும் தளர்ந்து, பேச்சும் போய், மூன்று வாரமாக ஒன்பதாம் நம்பர் கட்டிலில் கிடந்தாள். சர்க்கரை வியாதி வேறு. வலது காலில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன.

அந்தத் திங்கட்கிழமை டாக்டர் தில்லைவிநாயகம் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஒரு நாளைக்கு நூற்றிருபது கால், கை, வயிறு பார்க்கிறவர், உட்கார நேரம் கிடையாது, நின்றுகொண்டே தின்பார், நின்றுகொண்டே எழுதுவார்.

"அம்மா! கால்ல விஷம் ஏறுது! முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாமா? எடுத்தாத்தான் உயிர் தங்கும்! சரியா?" என்று, காது கேட்காதவளிடம் கத்துகிற மாதிரிக் கத்தினார்.

"ஆமா," என்றாள் எஸ்தாக்கி.

"பார்த்தீங்களா, அவங்களே சொல்லிட்டாங்க," என்று பக்கத்தில் நின்ற தம்பி ரெமிஜியூசிடம் தாளை நீட்டினார். ரெமிஜியூஸ் வலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், அக்காவுக்கு அவனும் அவனுக்கு அக்காவும்தான். பயத்தில் பேனாவைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டான்.

"ஆமா," என்றாள் எஸ்தாக்கி. "ஆமா! ஆமா! ஆமா!" என்று இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"சரிம்மா, சரிம்மா, புரியுது," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் திரும்பினார்.

கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. வெள்ளையடித்த சுவர், மேலே ஒரு பல்லி, நடுவில் பல வருஷமாக அங்கேயே இருக்கிற மாதிரி ஒரு காலண்டர் ஆணி.

"சிஸ்டர், கதவு எங்க?"

"இங்கதான் சார் இருந்துச்சு," என்றாள் செண்பகவல்லி சிஸ்டர்.

டாக்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார். நானும் என் பங்குக்கு ஸ்ட்ரெச்சரால் ஒரு முட்டு முட்டினேன், ஸ்ட்ரெச்சரின் சக்கரம்தான் கழன்றது. கேன்டீன் பையன்கள் ஜன்னல் கம்பி வழியே டீ கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தாலும் சுவர்தானாம், யாரோ அதில் "துப்பாதீர்கள்" என்று எழுதிக்கூட இருந்ததாம். பதினொரு மணி ஆச்சு, பன்னிரண்டு ஆச்சு. டாக்டர் போனில் கத்தினார், ரெமிஜியூஸ் மாதாவைக் கூப்பிட்டான், எஸ்தாக்கி மட்டும் விடாமல் ஆமா ஆமா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சத்தம் ஏற ஏறச் சுவர் இன்னும் பழையதாகத் தெரிந்தது.

செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி, அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, பொறுமை கொஞ்சம் கம்மி. ஆனால் அன்றைக்கு வேறு வேலை இல்லாமல் போனதால் ஸ்டூலை இழுத்து ஒன்பதாம் கட்டிலின் பக்கத்தில் போட்டு, எஸ்தாக்கியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். மூன்று வாரத்தில் ஒருத்தர் அந்தக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஏக்கா, உங்க பேரு எஸ்தாக்கியா?"

"ஆமா."

"உங்க பேரு ரெமிஜியூசா?"

"ஆமா."

செண்பகவல்லி புருவத்தைச் சுருக்கினாள். "நீங்க ஆம்பளையாக்கா?"

"ஆமா," என்றாள் எஸ்தாக்கி, சொல்லிவிட்டுத் தன் வாயில் தானே ஒரு அடி அடித்தாள், அடித்துவிட்டுச் சிரித்தாள். வார்டே சிரித்தது. பீர் முகம்மது அண்ணன் "நாளைக்கு, நாளைக்கு" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரெமிஜியூஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"மூணு வாரமா கேப்பைக் கஞ்சி வேணுமாக்கா வேணுமாக்கான்னு கேட்டேன், ஆமா ஆமான்னா," என்றான். "அவளுக்குக் கேப்பைக் கஞ்சின்னா சின்னப் பிள்ளையிலிருந்தே ஆகாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன்."

செண்பகவல்லி தன் கையை நீட்டினாள். "அக்கா, வாயை விடுங்க. வேணும்னா என் கையைப் பிடிங்க, வேண்டாம்னா தட்டி விடுங்க." முதலில் கேப்பைக் கஞ்சியைக் கேட்டாள், கை தட்டப்பட்டது. டீயைக் கேட்டாள், கை பிடிக்கப்பட்டது. பிறகு எஸ்தாக்கியின் வலது காலைத் தொட்டுக் காட்டி, முழங்காலுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்து, "இதை எடுக்கணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். எஸ்தாக்கி தட்டின தட்டில் செண்பகவல்லியின் கைக்கடிகாரம் கழன்று பீர் முகம்மது அண்ணனின் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

கதவு வந்துவிட்டது. கீல் துருவோடு, கைப்பிடியில் சுற்றின பழைய கட்டுத்துணியோடு, அப்படியே.

டாக்டர் வாசலைத் தாண்டி, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு சொன்னார்: "சிஸ்டர், கையைத் தட்டுறதெல்லாம் ஒரு பதில் கிடையாது. அவங்க செத்துப்போனா நீங்களா பதில் சொல்வீங்க? தம்பியோட கையெழுத்து இருக்கு. ஊசியால விஷத்தைக் கொஞ்ச நாள் தடுத்து வைக்கிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை ஆபரேஷன்." அதற்குப் பிறகு அவர் ஏழாம் வார்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் எங்கள் ஊர் அந்தக் கதவுக்குப் பழகிக்கொண்டது, கோடையில் தண்ணீர் லாரி வருகிற நேரத்துக்குப் பழகிக்கொள்கிற மாதிரி. பேச்சு போனவர்களில் யாராவது ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, கேட்கிறவர் அது முடிவதற்குள் திரும்பினால் சுவர்தான், சொன்னது இன்னதென்று விளங்கிக்கொண்டால் கதவு வரும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் தூக்குச்சட்டியில் இரண்டு வேளைச் சாப்பாடு எடுத்துவர ஆரம்பித்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் "எங்கய்யா நேத்து ஆளையே காணோம்?" என்றால் "ஏழாம் வார்டுல மாமா பேசிட்டாரு" என்பது ஒரு சரியான பதிலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு பொண்ணு தன் புருஷனை இழுத்து வந்து உள்ளே நிறுத்தி, பத்து வருஷத்துக் குறையை எல்லாம் கொட்டினாள். அவன் பாதியில் எழுந்து போனான், கதவு ஆடாமல் அசையாமல் திறந்தே கிடந்தது. வாய் உள்ளவர்களின் பேச்சுக்கு அந்தக் கதவு ஒருநாளும் மறிக்கவில்லை.

கட்டிடப் பிரிவு இன்ஜினீயர் ஒருத்தர் கடப்பாரை ஆட்களோடு வந்தார், பக்கச் சுவரில் வேறு வாசல் வெட்டப்போகிறேன் என்று. உள்ளே வந்து அளவெடுத்துவிட்டுத் திரும்பும்போது பீர் முகம்மது அண்ணன் "நாளைக்கு!" என்றார். "சரிங்க பாய், நாளைக்கே வெட்டிருவோம்," என்று சிரித்துக்கொண்டே இன்ஜினீயர் நடந்தார், நெற்றி சுவரில் இடித்தது. நாலு மணி நேரம். அண்ணன் சுவரைக் காட்டுகிறார், வாயைக் காட்டுகிறார், கைலியைப் பிழிந்து காட்டுகிறார், இன்ஜினீயர் மூத்திரமா என்கிறார், மழையா என்கிறார், ஜுரமா என்கிறார். கடைசியில் மனுஷர் களைத்துப்போய், அளவெடுக்க வைத்திருந்த பென்சிலையும் தாளையும் கொடுத்தார். அண்ணன் இடது கையால் கோணலாக ஒரு குழாய் வரைந்தார். கட்டிலுக்குப் பின்னால் சுவருக்குள் ஓடுகிற குழாய் ஓட்டை, மூன்று மாசமாகத் தலையணை ஈரம். அன்று சாயங்காலமே குழாய் மாற்றப்பட்டது. புது வாசல் வெட்டுகிற பேச்சை அதற்குப் பிறகு ஒருத்தரும் எடுக்கவில்லை.

மேட்ரன் அம்மா இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்தக் கதவு கத்துக்கொடுக்கிற மாதிரி நான் முப்பது வருஷத்துல யாருக்கும் கத்துக்கொடுத்ததில்ல," என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அத்தனை பேரும், நர்ஸ், பயிற்சி டாக்டர், மாத்திரை கொடுக்கிறவர், ரத்தம் எடுக்கிறவர், கூட்டுகிறவர், என்னைப்போல் தள்ளுகிறவர், எல்லாரும் பத்துப் பத்துப் பேராக ஏழாம் வார்டுக்குள் போய்வர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஆளுக்கு ஒரு நோயாளி, ஒரு ஸ்டூல், ஒரு சிலேட்டு. பாடம் நடத்த ஆள் கிடையாது. நோயாளிதான் வாத்தியார், கதவுதான் பரீட்சை.

முதல் இரண்டு நாள் நல்ல கூத்து. படித்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். நோயாளி ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே இவர்கள் தண்ணியா, மாத்திரையா, பாத்ரூமா என்று ஏழெட்டுச் சொல்லை உள்ளே திணிப்பார்கள், அவர் தேடினது தொலைந்துபோகும். ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்பார்கள். ஃபேன் ஓட, டிவி ஓட, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நோயாளியை விட்டுவிட்டு அவர் மகளைப் பார்த்து "இவருக்கு என்ன வேணுமாம்?" என்பார்கள், அதற்குச் சுவர் இன்னும் வேகமாக வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார்கள். டிவியை அணைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, உள்ளுக்குள் ஒரு வேளைச் சோறு வேகிற வரைக்கும் என்று நினைத்துக்கொண்டு, வாயை மூடி உட்கார்ந்தார்கள். விளங்கினது விளங்கினதுதானா என்று மறுபடி கேட்டு உறுதி பண்ணினார்கள். விளங்காவிட்டால் தலையாட்டாமல் "எனக்கு விளங்கல, விட மாட்டேன், இன்னொரு தடவை" என்றார்கள்.

எஸ்தாக்கியிடம் மாட்டின ஒரு பயிற்சி நர்ஸ் "எத்தனை நாளா விரல்ல வலிக்குது?" என்று கேட்டாள். எஸ்தாக்கி கண்ணை மூடி, கழுத்தை நிமிர்த்தி, கடற்கரையில் கூறுகிற அதே ராகத்தில் "ஒண்ணூ..." என்றாள். ஆமா இல்லாத வேறொரு சொல்! அந்தப் பிள்ளை சந்தோஷத்தில் சிலேட்டில் ஒன்று என்று எழுதிக்கொண்டு எழுந்து ஓடி, சுவரில் மூக்கை இடித்துக்கொண்டாள். பின்னால் எஸ்தாக்கி நிறுத்தவில்லை: "ரெண்டூ... மூணூ... நாலூ..." ஏலம் ஏறுகிற மாதிரி ஏறி ஏறி, பதினேழு வந்ததும் வெட்டினது மாதிரி நின்றாள். பதினேழு நாள். எண்ணைத் தனியாக எடுக்க அவளுக்கு வராது, அடியிலிருந்து ஏறி வந்தால்தான் அது இருக்கிற படியில் நிற்க முடியும். இருபத்தெட்டு வருஷம் கூறின கூறல், நோவு கிட்டே போக முடியாத ஆழத்தில் கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து எஸ்தாக்கியிடம் எண் கேட்கிறவர்கள் அவள் நிற்கிற வரைக்கும் நின்றார்கள். தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் மற்ற வார்டுக்காரர்கள் "எத்தனையில நிக்குதுன்னு பாரு" என்று காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

ரெமிஜியூஸ் தினமும் வந்தான். வலைக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பயிற்சிக்காரர்களோடு ஒருத்தனாக உட்கார்ந்தான். "என்னல, நீயும் நர்ஸாகப் போறியா?" என்று நான் கேட்டேன். "தம்பியாகப் பாக்கேன் அண்ணாச்சி," என்றான்.

சனிக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கு ஒரு தாள் வந்தது: ஒன்பதாம் நம்பர் நோயாளியை ஏழாம் வார்டிலிருந்து மாடியிலுள்ள ஆபரேஷன் வார்டுக்கு மாற்றவும். டாக்டர் கெட்டிக்காரர். மாடி வார்டின் கதவு நல்ல தேக்குக் கதவு, இரட்டைக் கதவு, ஒருநாளும் யாரையும் மறித்ததில்லை. உத்தரவு உத்தரவுதானே, நான் தள்ளிக்கொண்டு போனேன். செண்பகவல்லி கூடவே வந்தாள், ரெமிஜியூஸ் பின்னால் வந்தான். எஸ்தாக்கி வழி முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாடியில் டாக்டர் காத்திருந்தார். கறுத்த விரல்களைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். "அம்மா, இனி தாமதிக்க முடியாது. கால எடுத்துடலாம், சரியா?"

"ஆமா," என்றாள் எஸ்தாக்கி. கண்ணில் தண்ணீர் தெறித்தது. இடது கையால் அவர் சட்டையைப் பிடிக்கப் பார்த்தாள், எட்டவில்லை. "ஆமா! ஆமா!"

டாக்டர் திரும்பினார். எல்லாரும் கதவைப் பார்த்தோம். கதவு அங்கேயே இருந்தது. இரண்டு பக்கமும் விரியத் திறந்து, வெளிச்சமாக, அகலமாக இருந்தது. டாக்டர் தாராளமாக வெளியே போனார். "தியேட்டருக்குக் கொண்டு வாங்க!" என்று வராந்தாவிலிருந்து குரல் கேட்டது.

நான் ஸ்ட்ரெச்சரின் கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. செண்பகவல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊசி ஏற்ற வந்த நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூக்கில் இன்னும் பிளாஸ்டர் ஒட்டியிருந்த அந்தப் பயிற்சிப் பிள்ளை தரையிலேயே உட்கார்ந்தாள். கூட்டிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். திறந்த கதவுக்கு முன்னால் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தரும் போகவில்லை.

இருபது நிமிஷம் கழித்து டாக்டர் கையுறையோடு திரும்பி வந்தார். "என்ன நடக்குது இங்க? அத்தனை பேருக்கும் மெமோ கொடுப்பேன்."

"கொடுங்க சார்," என்றாள் செண்பகவல்லி. "அவங்க இன்னும் சொல்லி முடிக்கல."

"அந்தம்மா என்னத்தச் சொல்லப்போறாங்க?"

"என்கிட்ட ஏன் சார் கேக்கீங்க? அவங்க முகம் அந்தப் பக்கம் இருக்கு."

ரெமிஜியூஸ் முன்னால் வந்தான். "சார், நான் போட்ட கையெழுத்தைத் திருப்பிக் குடுங்க. அது என் கால் இல்ல."

டாக்டர் எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். தனியாக ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளவும் முடியாது, தனியாக ஒரு ஆபரேஷன் பண்ணவும் முடியாது. அந்தப் பயிற்சிப் பிள்ளை எழுந்து தன் ஸ்டூலை, அதாவது உட்காராமல் விட்ட ஸ்டூலை, எஸ்தாக்கியின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாள். டாக்டர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்ததும் ஆள் சின்னதாகிவிட்டார்.

செண்பகவல்லி சிலேட்டைக் கொடுத்தாள். டாக்டர் ஒரு கால் வரைந்தார், முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். எஸ்தாக்கி சிலேட்டைத் தட்டிவிட்டாள். அவர் குனிந்து எடுத்து, வரைந்ததைத் துடைத்துவிட்டு, இன்னொரு கால் வரைந்தார். இரண்டு விரலின் பின்னால் ஒரு கோடு போட்டார். "இப்படியும் ஒரு வழி இருக்கும்மா," என்று கத்தாமல் சொன்னார். "ஆனா..." அந்த ஆனாவை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். தினமும் புண்ணைக் கழுவ வேண்டும் என்று தண்ணீர் ஊற்றுகிற மாதிரிக் காட்டினார். காலை ஊன்றக் கூடாது. விஷம் மேலே ஏறலாம், ஏறினால் கால் போகும், உயிரும் போகலாம் என்று மேலே கையைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் கையை நீட்டினார், ஒவ்வொன்றுக்கும் எஸ்தாக்கி அந்தக் கையைப் பிடித்தாள். விளங்கினது, விளங்கினது, விளங்கினது.

பிறகு அவள் கேட்டாள். கழுத்தை நிமிர்த்தினாள், புருவத்தைத் தூக்கினாள், ஊன்றக் கூடாத காலைக் காட்டினாள். "ஒண்ணூ... ரெண்டூ... மூணூ..."

டாக்டர் செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி எஸ்தாக்கியைப் பார்த்தார். பத்து போனது, இருபது போனது. தியேட்டரிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான், டாக்டர் திரும்பாமல் அவனுக்குக் கையைக் காட்டினார். முப்பது போனது. எஸ்தாக்கியின் குரல் ஏறிக்கொண்டே வந்தது, கீழ்மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. நாற்பது. நாற்பத்தொண்ணு.

"நாற்பத்தஞ்சு," என்று டாக்டர் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அடக்கி, அவள் அந்தப் படிக்கு ஏறி வருகிற வரைக்கும் காத்திருந்தார். அவள் நாற்பத்தஞ்சு என்றதும் அவள் கையைப் பிடித்தார். "அத்தனை நாள்தாம்மா. அதுக்கப்புறம் ஊன்றலாம். அது நல்லபடி ஆறினா."

எஸ்தாக்கி அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவினாள். குனிந்து, இடது கையால் தன் வலது காலில், கறுத்த இரண்டு விரலுக்குப் பின்னால், தானே ஒரு கோடு போட்டாள். கோணல் கோடுதான். ஆனால் அழுத்தமான கோடு. போட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தாள்.

"இதத் தாண்ட மாட்டேன்," என்றார் அவர். "ஆறலைன்னா மறுபடி வந்து கேட்பேன். உட்கார்ந்து கேட்பேன்."

நான் கம்பியைப் பிடித்தேன். படுங்க அக்கா என்று செண்பகவல்லி தோளைத் தொட்டாள், எஸ்தாக்கி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஸ்ட்ரெச்சரில் நிமிர்ந்து உட்கார்ந்து, கோடு போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டுதான் தியேட்டருக்குப் போனாள். என் வேலைக் காலத்தில் உட்கார்ந்து போன ஒரே ஆள் அவள். வராந்தாவில் இருந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள், அவள் ஒருத்தர் கண்ணையும் தவிர்க்கவில்லை.

அப்புறம் கால் என்ன ஆச்சு, ஆறினதா, டாக்டர் மறுபடி வந்து கேட்டாரா, அவள் என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். அவளுடைய கதையை அவளுக்குப் பதிலாக நான் சொன்னால் அப்புறம் நாங்கள் பன்னிரண்டு நாள் படித்தது எதற்கு? காலையில் படகு கரையேறுகிற நேரத்துக்குப் போங்கள், வியாபாரிகள் வட்டம் கட்டி நிற்பார்கள், நடுவில் நிற்கிறவளைக் கேளுங்கள். நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.